அவசரமாகத் தின்று கக்கும் பூனை: கிண்ணத்தை மாற்றுவதா, வேளையை மாற்றுவதா?

தட்டை வைத்த ஒரு நிமிடத்தில் காலி. கொஞ்ச நேரத்தில் அதே உணவு, மெல்லாத முழு உருண்டைகளாகத் தரையில். இது வாரத்துக்கு வாரம் நடக்கும் வீடுகளில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் திண்டாடுகிறார்கள். மேடுபள்ளம் வைத்த கிண்ணம் வாங்குவதா, நேரம் பார்த்து உணவு போடும் கருவி வாங்குவதா, உணவையே மாற்றிவிடுவதா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தாலே போதுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்குவதற்கு முன் வேளைகளைப் பிரியுங்கள், அகலமான தட்டுக்கு மாறுங்கள், வீட்டில் வேறு பூனை இருந்தால் தனித்தனி இடத்தில் வையுங்கள். பாதிப் பிரச்சினை கிண்ணத்தில் இல்லை. பூனை ஏன் அவசரப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. அந்தக் காரணம் தெரிந்தால் எந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

## உண்மையிலேயே வேகம்தான் காரணமா?

வயிற்றுக்குள் போய்த் தங்காமல் உணவு அப்படியே திரும்பி வருவது எதுக்களிப்பு. தின்ற சில நிமிடங்களில், பெரிய முயற்சி எதுவும் இல்லாமல், தலையைத் தாழ்த்தியதும் வந்து விழும். செரிக்காத உருண்டைகளாக, சில சமயம் குழாய் வடிவில் இருக்கும். பூனை உடனே சகஜமாகிவிடும்; விழுந்ததையே மறுபடி தின்னவும் போகும்.

வாந்தி வேறு மாதிரி. முதலில் எச்சில் ஊறும், உதட்டை நக்கும், நிலைகொள்ளாமல் நடக்கும். அப்புறம் வயிறு குலுங்கிக் குலுங்கி எக்கும். வருவது பாதி செரித்த கூழாகவோ, மஞ்சள் பித்த நீராகவோ, நுரையாகவோ இருக்கலாம். மொத்த உணவும் ஒரே மூச்சில் உள்ளே போனால் வயிறு திடீரென விரிந்து நிஜமான வாந்தியும் வரும். ஆனால் சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தோ, வெறும் வயிற்றிலோ வரும் வாந்திக்கு வேகம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அதற்கு எந்தக் கிண்ணமும் மருந்தல்ல. எக்கி எக்கி ஒன்றும் வராமல் கழுத்தை நீட்டிக் குனிந்தால் அது இருமலாகவும் இருக்கலாம். ஆஸ்துமா உள்ள பூனைகள் அப்படித்தான் இருமும். செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பூனை மெல்லாமல் விழுங்குவது குறையல்ல, அதன் உடலமைப்பு. தாடை பக்கவாட்டில் அசையாது. பற்கள் வெட்டுவதற்கானவை, அரைப்பதற்கானவை அல்ல. வயிறும் சிறியது, அடிக்கடி சிறு இரையைப் பிடித்துத் தின்னும் வாழ்க்கைக்கு ஏற்றது. ஒரு எலியில் ஏறக்குறைய 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி வேண்டும். அதாவது பகலும் இரவுமாகப் பல சிறு வேளைகள். நாம் அதை இரண்டு பெரிய வேளையாகச் சுருக்கிவிட்டு, பூனை அவசரப்படுகிறதே என்று கவலைப்படுகிறோம்.

## எதை வைத்து எடை போடுவது

கடைகளில் வழிகளை ஒப்பிடும்போது எது வேகத்தைக் குறைக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். அது போதாது. நான் பார்ப்பது இவை:

- வேகமா, அளவா? வாய் மெதுவாகிறதா, ஒரே தடவையில் உள்ளே போகும் அளவும் குறைகிறதா? இரண்டும் ஒன்றல்ல.
- அவசரத்தின் காரணத்தைத் தொடுகிறதா? பசி, போட்டி, பயம், சலிப்பு ஆகியவற்றில் எதை அது தணிக்கிறது?
- பூனை ஏற்குமா? எரிச்சலில் சாப்பாட்டையே விட்டுப் போனால் அந்த வழி தோற்றதுபோலத்தான்.
- உங்கள் நேரமும் கழுவும் வேலையும். ஆறு மாதம் கழித்தும் செய்வீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
- உலர் உணவா, ஈர உணவா? பல கருவிகள் ஒன்றுக்கு மட்டுமே சரிவரும்.

## வேளைகளைப் பிரித்துக் கொடுப்பது

ஒரு நாளின் மொத்த அளவைக் காலையில் எடை போட்டு ஒரு டப்பாவில் போட்டுவிடுங்கள். அதிலிருந்து நான்கு, ஐந்து, முடிந்தால் ஆறு தடவையாகக் கொடுங்கள். மொத்தம் மாறக் கூடாது. இந்த ஒரு விதியை விட்டால் பூனை குண்டாகிவிடும். அளவுக் கோப்பையைவிடச் சமையலறைத் தராசு நல்லது. கோப்பையில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிவிடும், சின்ன உடலுக்கு அந்தக் கொஞ்சம் பெரிது.

இந்த வழியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இது அளவு, பசி இரண்டையும் ஒன்றாகத் தொடுகிறது. வேகமாகத் தின்றாலும் உள்ளே போவது கொஞ்சம்தான். வயிறு விரிய வாய்ப்பில்லை. அடுத்த வேளை தூரத்தில் இல்லை என்று பூனைக்குப் பழகப் பழக, பாய்ந்து விழுங்கும் வெறியும் தணிகிறது. முன்பு பட்டினி கிடந்த பூனைக்கு இந்த நம்பிக்கை வர வாரங்கள் ஆகலாம். நேரம் தவறாமல் கொடுப்பதுதான் அந்த நம்பிக்கையை வளர்க்கும். 2018-இல் அமெரிக்கப் பூனை மருத்துவர்கள் சங்கம் வெளியிட்ட உணவளிப்பு வழிகாட்டுதலும் அடிக்கடி சிறு வேளைகளைத்தான் வலியுறுத்துகிறது.

மறைந்திருக்கும் செலவு உங்கள் நாள்தான். வெளியே வேலைக்குப் போகிறவர் ஆறு வேளை கொடுக்க முடியாது. காலையில் இரண்டு (எழுந்ததும், கிளம்பும்போது), மாலையில் வந்ததும் ஒன்று, இரவில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று ஐந்து வரை கொண்டுவரலாம். பகலில் விழும் நீண்ட இடைவெளி இருக்கவே செய்யும். வீட்டில் பலர் இருந்தால் இன்னொரு சிக்கல்: நீயும் கொடுத்தாய், நானும் கொடுத்தேன் என்றாகிவிடும். அந்த ஒற்றை டப்பா இருந்தால் அது நடக்காது. டப்பா காலி என்றால் அன்றைய சாப்பாடு முடிந்தது.

## அகலமான தட்டில் பரப்புவது

ஆழமான கிண்ணத்தில் குவித்தால் ஒவ்வொரு முறையும் வாய் நிறைய வரும். விளிம்புள்ள பெரிய தட்டிலோ பேக்கிங் ட்ரேயிலோ உலர் உணவை ஒற்றை அடுக்காக இறைத்தால், ஒன்றொன்றாகப் பொறுக்கித்தான் ஆக வேண்டும். ஈர உணவு என்றால் கரண்டியின் பின்புறத்தால் மெல்லியதாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். கவ்வ முடியாது, நக்கியே தீர வேண்டும்.

செலவில்லை, கழுவ எளிது, பயிற்சி தேவையில்லை. தட்டை மூக்குப் பூனைகளுக்கு, அதாவது பெர்ஷியன் போன்றவற்றுக்கு, இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. குறை ஒன்றுதான்: மிகவும் அவசரக்காரப் பூனைக்கு இது மட்டும் போதாது. சிலர் கிண்ணத்தின் நடுவே கல்லோ பந்தோ வைக்கிறார்கள். அப்படிச் செய்வதானால் பூனையின் வாய்க்குள் எந்த விதத்திலும் போக முடியாத அளவுப் பொருளாக இருக்க வேண்டும், தினமும் கழுவ வேண்டும்.

## இடத்தைப் பிரிப்பது

ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் உள்ள வீட்டில் இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் அரைகுறைதான். பூனைகள் கூடி உண்ணும் பிராணிகள் அல்ல. வரிசையாகக் கிண்ணம் வைத்து அவை பக்கத்தில் பக்கத்தில் தின்பது நமக்கு அழகாகத் தெரியலாம். ஆனால் அவற்றில் ஒன்று பயத்தோடு விழுங்கிக்கொண்டிருக்கலாம். சண்டை, உறுமல் எதுவும் இல்லாமலே இது நடக்கும். ஒரு பூனை உற்றுப் பார்ப்பது போதும், மற்றது அவசரப்பட.

எனவே கண்ணுக்குக் கண் தெரியாத இடங்கள் வேண்டும். தனி அறையில் கதவைச் சாத்தி வைப்பது சிறந்தது. அறை இல்லையென்றால் ஒன்றுக்குத் தரையிலும் இன்னொன்றுக்கு உயரத்திலும் வைக்கலாம், அல்லது நடுவில் மறைப்பு வைக்கலாம். சாப்பிட்டு முடித்த தட்டுகளை எடுத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். நாய் உள்ள வீட்டில் உயரமான இடம்தான் பாதுகாப்பு. குழந்தைகள் ஓடியாடும் இடமும் நடமாட்டம் மிகுந்த வழியும் பூனைக்குப் போட்டி போலத்தான் தெரியும்.

கதவைச் சாத்த வசதியில்லாத வீட்டுக்கு மைக்ரோசிப் கிண்ணம் இருக்கிறது. குறிப்பிட்ட பூனையின் தோலுக்கடியில் பொருத்திய அடையாளச் சிப்பைப் படித்தால் மட்டும் மூடி திறக்கும். நல்ல கருவி, ஆனால் விலை அதிகம். சிப் பொருத்தியிருக்க வேண்டும் அல்லது கழுத்துப்பட்டையில் அடையாள வில்லை வேண்டும். மூடி அசையும் சத்தத்துக்குப் பூனையைப் பல நாள் பழக்க வேண்டும். திறந்த மூடிக்குப் பக்கத்திலிருந்து இன்னொரு பூனை தலையை நுழைப்பதும் உண்டு. ஒரு பூனைக்கு மருத்துவ உணவு, மற்றதற்குச் சாதாரண உணவு என்ற நிலையில் இந்தச் செலவு நியாயமானது. வெறும் வேகத்துக்காக என்றால் கதவே போதும்.

## மேடுபள்ளக் கிண்ணம்

ஸ்லோ ஃபீடர் என்று விற்கப்படுவது இது. மேடுகளுக்கு இடையில் நாக்கையும் வாயையும் நுழைத்து எடுக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். உலர் உணவு மட்டும் தின்னும், ஒற்றையாக வளரும், சுறுசுறுப்பான பூனைக்கு நன்றாக வேலை செய்யும். உங்கள் நேரத்தை இது கேட்பதில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இது வாயை மட்டுமே மெதுவாக்குகிறது. பெரிய வேளை பெரிய வேளையாகவே உள்ளே போகிறது. வயிறு விரிவதால் கக்கும் பூனைக்குக் கிண்ணத்தை மட்டும் மாற்றிப் பலன் காணாமல், அடுத்த மாடல், அதற்கடுத்த மாடல் என்று வாங்கிக் குவிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

வாங்குவதானால் பூனைக்கென்று செய்த, மேடு குறைந்த கிண்ணமாகப் பாருங்கள். நாய்க்கான கிண்ணத்தின் ஆழம் பூனை முகத்துக்கு ஒத்துவராது. கனமான பீங்கான் என்றால் நகராது, நன்றாகக் கழுவலாம். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து அழுக்கும் கிருமியும் தங்கும்; சில பூனைகளுக்கு மோவாயில் கரும்புள்ளிகளும் பருக்களும் வருவதைப் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு தொடர்புபடுத்துவார்கள். ஈர உணவு இடுக்கில் ஒட்டிக் காய்ந்தால் தேய்த்து எடுப்பது தினசரித் தண்டனை.

எரிச்சலில் கிண்ணத்தைக் கவிழ்க்கும் பூனையை விடுங்கள், அது தரையில் பொறுக்கியாவது தின்றுவிடும். கவலைப்பட வேண்டியது பேசாமல் விலகிப் போகும் பூனையைப் பற்றித்தான். பசித்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிடக் கூடாது. பூனைகள், குறிப்பாகக் குண்டானவை, சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்றால் பழைய தட்டில் வையுங்கள். அதிலும் தொடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

## நேரம் பார்த்து உணவு போடும் கருவி

வேளையைப் பிரிப்பதில் இருந்த ஒரே பெரிய குறையை, அதாவது உங்கள் நேரத்தை, இது தீர்க்கிறது. நீங்கள் இல்லாத பகலிலும் விடியற்காலையிலும் சிறு அளவு விழும். இன்னொரு நன்மை: உணவு மனிதரிடமிருந்து வருவதல்ல, கருவியிலிருந்து வருவது என்று பூனைக்குப் புரிந்தால் அதிகாலையில் முகத்தில் தட்டி எழுப்புவது பல வீடுகளில் குறைகிறது.

செலவு விலையோடு முடிவதில்லை. மின்சாரம் போனால் ஓடப் பேட்டரி வேண்டும். அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். உலர் உணவில் உள்ள கொழுப்பு சேமிப்புத் தொட்டியில் படிந்து சிக்கு வாடை அடிக்கும், கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். பெரிய உருண்டைகள் துளையில் அடைத்துக்கொள்ளும். இது எடையை அளக்காமல் பருமனை அளப்பதால், விழுவதைச் சில தடவை தராசில் வைத்துச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். சில பூனைகள் குழாய்க்குள் கைவிட்டு எடுக்கக் கற்றுக்கொள்ளும். இரண்டு பூனை வீட்டில் பலசாலி அதன் முன்னாலேயே காவல் இருக்கும். மற்றதுக்கு வாய்ப்பே வராது.

ஈர உணவுக்குக் குளிர்கட்டி வைக்கும் சுழல்தட்டு வகை உண்டு, சில வேளைகளுக்குத்தான் இடம் இருக்கும். எந்த வகையானாலும், ஆள் எட்டிப் பார்க்காத வீட்டில் கருவியை நம்பிப் பல நாள் ஊருக்குப் போகாதீர்கள்.

## புதிர் விளையாட்டாக உணவு

உருட்டினால் உணவு உதிரும் பந்து, கையால் நோண்டி எடுக்க வேண்டிய குழிகள் கொண்ட பலகை போன்றவை. முட்டை அட்டையின் குழிகளில் உலர் உணவைப் போட்டாலும் சரிதான். வேகம், அளவு, சலிப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் குறைக்கும் வழி இது ஒன்றே. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் இளம் பூனைக்கும், எடை கூடிய பூனைக்கும் நான் மனமார இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பூனை இதைத் தானாக விரும்பிச் செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எலி, பறவை, குரங்கு உட்படப் பல உயிரினங்கள், சும்மா கிடைக்கும் உணவு பக்கத்தில் இருந்தாலும் உழைத்துப் பெறும் உணவையும் நாடும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 17 பூனைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் பெரும்பாலும் சும்மா கிடைக்கும் தட்டையே தேர்ந்தெடுத்தன. எனவே முதல் சில நாள் பெரிய துளையுள்ள, உள்ளே இருப்பது தெரியும் எளிய புதிரில் கால்பங்கு உணவை மட்டும் வையுங்கள். பழகப் பழகக் கடினமாக்கலாம்.

மூட்டுவலியுள்ள முதிய பூனை, பார்வை மங்கிய பூனை, பல்வலி உள்ளது, புதிதாக வந்து பயந்து ஒளிந்திருப்பது ஆகியவற்றுக்கு இது வேண்டாம். அட்டையில் செய்தால் நூல், ரப்பர் வளையம், ஒட்டும் நாடா எதுவும் இருக்கக் கூடாது. நூலை விழுங்கிய பூனையின் குடல் மடிந்து அறுவை சிகிச்சை வரை போகும்.

## உணவையே மாற்றுவது

உலர் உணவில் ஈரம் ஏறக்குறைய 10 சதவீதம். ஈர உணவில் 75 முதல் 80 சதவீதம். அதே கலோரிக்கு ஈர உணவின் பருமன் அதிகம், நீர்ச்சத்தும் கிடைக்கிறது, பரப்பித் தேய்க்கவும் வசதி. ஆனால் ஈர உணவு என்பதாலேயே பூனை மெதுவாகத் தின்னும் என்பதில்லை. மென்மையான துண்டுகளைச் சில பூனைகள் இன்னும் வேகமாக விழுங்கும். கலோரிக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் செலவும் கூடுதல், திறந்தது ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், தட்டில் மிஞ்சியதை ஒன்றிரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். உலர் உணவில் வெந்நீர் கலந்து கொடுத்தாலும் இதே விதிதான்; நன்றாக ஆறிய பிறகே வைக்க வேண்டும்.

மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில் பழையதோடு கலந்து கலந்து மாற்றுங்கள். திடீர் மாற்றமே வாந்தியைக் கொண்டுவரும். அப்புறம் எது வேகத்தால் வந்தது, எது உணவால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | வேகம் குறையுமா | ஒரு தடவை அளவு குறையுமா | உங்கள் வேலை | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| வேளைகளைப் பிரித்தல் | மெல்ல மெல்ல | ஆம் | தினமும் பல தடவை | ஏறக்குறைய எல்லாப் பூனைக்கும் |
| அகலத் தட்டு | ஓரளவு | இல்லை | மிகக் குறைவு | தட்டை மூக்கு, முதியவை, ஈர உணவு |
| இடத்தைப் பிரித்தல் | போட்டி இருந்தால் நன்றாக | இல்லை | கதவும் காத்திருப்பும் | பல பூனை வீடு, நாய் உள்ள வீடு |
| மேடுபள்ளக் கிண்ணம் | ஆம் | இல்லை | கழுவுவது | உலர் உணவு தின்னும் ஒற்றைப் பூனை |
| நேரக் கருவி | நேரடியாக இல்லை | ஆம் | பராமரிப்பு | பகலில் ஆளில்லாத வீடு |
| புதிர் | நன்றாக | ஆம் | பழக்குவதும் கவனிப்பதும் | சலித்த இளம் பூனை, எடை கூடியது |
| ஈர உணவு | பரப்பினால் மட்டும் | இல்லை | ஃப்ரிட்ஜ், சுத்தம் | தண்ணீர் குறைவாகக் குடிப்பது |

உயர்த்தி வைக்கும் கிண்ணத்தை இதில் சேர்க்கவில்லை. உணவுக்குழாய்ப் பிரச்சினை உள்ள பூனைக்கு மருத்துவர் சொன்னால் வைக்கலாம். வேகத்துக்கு அது பதில் அல்ல.

## எதை முதலில், எவ்வளவு நாள்

ஒரே பூனை, வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால், ஐந்தாறு வேளையும் அகலத் தட்டும் போதும், பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆள் இல்லாத வீடு என்றால் நேரக் கருவி, அதன் வாயில் விழுவது குவியாமல் பரவும்படி ஒரு தட்டு. இப்படி இரண்டு எளிய வழிகளைச் சேர்ப்பது தனியான விலையுயர்ந்த கிண்ணத்தைவிட நன்றாக வேலை செய்யும். பல பூனைகள் என்றால் இடம் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஓடியாடச் சக்தி மிஞ்சியிருக்கும் பூனைக்கு, பிரித்த வேளைகளில் ஒன்றைப் புதிராக மாற்றுங்கள்.

ஒரு மாற்றத்துக்கு இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். தேதி, தின்று எவ்வளவு நேரத்தில் கக்கியது, எப்படி இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கக்கியதும் மறுபடி முழு வேளை வைக்காதீர்கள். சற்று நேரம் விட்டுக் கொஞ்சமாகக் கொடுங்கள். வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் உத்தேசமாகக் கிடைத்துவிடும். குழந்தைகளுக்கான தராசு இருந்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்தால் அது உடலில் 5 சதவீதம்.

## இந்த ஒப்பீடே வேண்டாத நேரங்கள்

எட்டு, பத்து வயதைத் தாண்டிய பூனைக்குத் திடீரென அகோரப் பசி வந்து, தின்றும் மெலிந்தால் தைராய்டு, சர்க்கரை நோய் இரண்டையும் பார்க்க வேண்டும். இளம் பூனைக்குக் குடற்புழு இருக்கலாம். குடல் அழற்சியும் சில மருந்துகளும்கூடப் பசியைக் கூட்டும். இவற்றில் கிண்ணம் மாற்றிக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வீண்.

மெதுவாகத் தின்ற பிறகும் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கக்கினால், எடை இறங்கினால், சோர்ந்து ஒதுங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தமோ காப்பித்தூள் போன்ற கருப்போ வந்தால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால், நூலோ விளையாட்டுப் பொருளோ காணாமல் போயிருந்தால், அன்றே போக வேண்டும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். குறிப்பேட்டையும் வீடியோவையும், தின்னும் உணவின் உறையையும், பழைய எடைக் குறிப்புகளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.